ஸ்னோமொபைல் டிரைவ் ஆக்சிலுக்கு 6205 பேரிங்: எதை வாங்கலாம், எதற்குக் காசு கொடுக்க வேண்டாம்

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். எஸ்கேஎஃப், என்டிஎன், என்எஸ்கே, கோயோ, நாச்சி என்று பெயர் பெற்ற எந்தக் கம்பெனியின் 6205-2ஆர்எஸ் பேரிங்கும் பனியில் ஓடும் ஸ்னோமொபைலின் டிரைவ் ஆக்சிலுக்குத் தாராளமாகப் போதும். இவற்றுக்குள் எது உசத்தி என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். டீலர் கவுண்டரில் வண்டிக் கம்பெனியின் பையில் போட்டு விற்கும் பேரிங்கும் பெரும்பாலும் இவர்களில் ஒருவர் செய்ததுதான். கூடுதலாகக் கொடுக்கும் காசு அந்தப் பைக்கு. பெயரில் மிச்சம் பிடித்ததை சீல், கிரீஸ் ஆகியவற்றில் போடுங்கள். ஆக்சிலில் பேரிங் உட்காரும் பொருத்தத்தையும் சேர்த்து இந்த மூன்றில் ஒன்றைக் கோட்டை விட்டாலும் எந்தப் பெயரும் வண்டியைக் காப்பாற்றாது.

எஞ்சினின் திறன் பெல்ட் வழியாக மேலே உள்ள ஜாக்‌ஷாஃப்ட்டுக்குப் போகிறது. அங்கிருந்து செயின் கேஸுக்குள் இருக்கும் செயின் வழியாகக் கீழே டிரைவ் ஆக்சிலுக்கு இறங்குகிறது. ஆக்சிலில் மாட்டியிருக்கும் ‘டிரைவர்’ என்ற பல்சக்கரங்கள், வண்டியை நகர்த்தும் ரப்பர் பட்டையான டிராக்கை இழுக்கின்றன. பெரும்பாலான வண்டிகளில் வலது முனை செயின் கேஸுக்குள் ஒரு பேரிங்கிலும், இடது முனை டன்னல் (டிராக்கை மூடியிருக்கும் உலோகக் கூடு) சுவரில் இன்னொரு பேரிங்கிலும் நிற்கும். வண்டியின் மொத்த இழுவையும் இந்த இரண்டு பேரிங்கின் மேல்தான். ஒன்று உடைந்தால் ஆக்சில் சாய்ந்து டிராக்கின் விளிம்பு டன்னலில் உரசும். பல வண்டிகளில் ஆக்சிலுக்கு மிக அருகில், டன்னலின் முன்புறத்தில் கூலன்ட் ஓடும் ஹீட் எக்ஸ்சேஞ்சர் இருக்கிறது. தாறுமாறாக ஓடும் டிராக் அதைக் கிழித்துவிட்டால் எஞ்சினும் சூடேறி நிற்கும். செயின் கோணலாக ஓடி, அறுந்து, கேஸையே உடைத்துக்கொண்டு வெளியே வருவதும் உண்டு. சில மாடல்களில் பிரேக் டிஸ்க்கும் இதே ஆக்சிலில்தான் இருக்கிறது. அந்த வண்டிக்காரர்களுக்குக் கவலை இரட்டிப்பு.

விலையைப் பார்த்தால் சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் கதைதான். நல்ல 6205 ஒன்று கனடாவில் சில்லறையாக 15 முதல் 25 டாலருக்குள் கிடைக்கும். அதை மாற்ற ஒர்க்‌ஷாப்பில் ஆகும் கூலி அதைப் போலப் பல மடங்கு. ஆகவே ஒரு பக்கம் பிரித்துவிட்டால் மறு பக்கத்தையும் சீலோடு சேர்த்து மாற்றிவிடுவதே கணக்கு.

எண்ணைப் படிக்கத் தெரிந்தால் பாதி ஏமாற்றத்தைத் தவிர்க்கலாம். கடைசி இரண்டு இலக்கத்தை 5-ஆல் பெருக்கினால் உள் விட்டம்: 05 என்றால் 25 மி.மீ. வெளி விட்டம் 52, அகலம் 15 மி.மீ. இது உலகம் முழுவதும் ஒரே அளவு. கோவைப் பக்கத்துப் பட்டறைகளில் 90 பிரேம் மின் மோட்டாரைக் கழற்றினால் வருவதும் இதே 6205தான். ஆனால் மோட்டார் கடையில் கேட்டால் பெரும்பாலும் இசட்இசட் எடுத்துத் தருவார்கள். அதில் இருப்பது தகர மூடி; குண்டுகள் உருளும் உள் வளையமான உள் ரேஸைத் தொடாமல் மெல்லிய இடைவெளி விட்டு நிற்கும். தூசியை ஓரளவு தடுக்கும், தண்ணீரைத் தடுக்காது. டிரைவ் ஆக்சிலின் இடது பக்கத்துக்கு இசட்இசட் வாங்குவது காசை உருகிய பனியில் போடுவது. 2ஆர்எஸ் என்றால் இரு பக்கமும் ரப்பர் சீல், அதன் உதடு உள் ரேஸை உரசி நிற்கும். இங்கே வேண்டியது அதுதான்.

எல்லா வண்டியும் 6205 அல்ல. சிலவற்றில் 30 மி.மீ. உள் விட்டமுள்ள 6206 வரும். பழைய வண்டிகள் பலவற்றில் ஆக்சில் 1 அங்குலம், அதாவது 25.4 மி.மீ. அதற்கான பேரிங்கும் 52 மி.மீ. வெளி விட்டத்தில் கிடைப்பதால், வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று போலவே தெரியும். 25 மி.மீ. பேரிங்கை 25.4 ஆக்சிலில் ஏற்ற முடியாது. அதைச் சுத்தியலால் அடித்துப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். மாற்றிச் செய்தால் இன்னும் மோசம்: 1 அங்குல பேரிங் 25 மி.மீ. ஆக்சிலில் சுலபமாக நுழையும், 0.4 மி.மீ. ஆட்டத்தோடு ஓடும், சீக்கிரமே ஆக்சிலைத் தின்றுவிடும். வாங்குமுன் ஆக்சிலை வெர்னியரில் அளந்துவிடுங்கள். பழைய பேரிங்கின் ஓரத்தில் பொறித்த எண்ணையும், அதன் பின்னொட்டையும் முழுதாக எழுதிக்கொள்ளுங்கள். எண்ணோடு என்ஆர் இருந்தால் வெளி ரேஸில் சர்க்ளிப் என்ற பூட்டு வளையம் மாட்டப் பள்ளம் உண்டு என்று பொருள். அது இல்லாத பேரிங் கேஸுக்குள் நிலையாக நிற்காது.

சி3 என்ற பின்னொட்டைப் பற்றி வீண் பயம் நிறைய. அது உள்ளே குண்டுக்கும் ரேஸுக்கும் உள்ள இடைவெளியின் அளவு. இந்த விட்டத்தில் சாதாரண வகைக்கு 5 முதல் 20 மைக்ரான், சி3-க்கு 13 முதல் 28 மைக்ரான். ஆக்சிலில் இறுக்கமாக ஏறும் பேரிங்குக்கு சி3 நல்லது, ஏறும்போது உள் ரேஸ் சற்றே விரிந்து இடைவெளி குறைந்துவிடும் என்பதால். காலர் போட்டு இறுக்கும் தளர்வான பொருத்தத்துக்குச் சாதாரண வகையே போதும். பழையதில் சி3 இருந்தால் சி3 வாங்குங்கள், விவாதம் வேண்டாம்.

இந்த பேரிங் ஓட்டத்தால் தேய்ந்து சாவது அபூர்வம் என்பதைக் கணக்கே காட்டும். 2.86 அங்குல இடைவெளியில் 8 பல் உள்ள டிரைவர் ஒரு சுற்றுக்கு டிராக்கை சுமார் 58 செ.மீ. நகர்த்தும். 100 கி.மீ. வேகத்தில் ஆக்சில் நிமிடத்துக்கு 2,900 சுற்றுக்குச் சற்றுக் குறைவாகச் சுற்றும். ரப்பர் சீல் போட்ட 6205-க்கு எஸ்கேஎஃப் கொடுக்கும் உச்ச வரம்பு 8,500. டைனமிக் சுமைத் திறன் 14 கிலோ நியூட்டனை ஒட்டியது, அதாவது ஒன்றரை டன்னை நெருங்கும் விசை. வேகத்திலும் சுமையிலும் நிறைய மிச்சம் இருக்கிறது. அப்புறம் ஏன் சாகிறது? தண்ணீர். ஓடிச் சூடான பேரிங் பனியில் நிற்கும்போது உள்ளே இருக்கும் காற்று குளிர்ந்து சுருங்கும். சீல் உதட்டைத் தாண்டி வெளியில் இருக்கும் ஈரத்தை உள்ளே இழுக்கும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாக இது நடக்கும். பிறகு வசந்தத்தில் வண்டியை மூடி ஷெட்டில் வைத்தால், குண்டு நின்ற இடத்திலேயே ஈரமும் நின்று மாதக்கணக்கில் துரு பிடிக்கும். பேரிங் பெரும்பாலும் கோடையில் சாகிறது. நமக்குச் செய்தி வருவது அடுத்த டிசம்பரில்.

அதனால்தான் சோதனையை சீசன் முடிவில் செய்யச் சொல்கிறோம். தொடக்கத்தில் செய்தால் துருவைக் கண்டுபிடிக்கலாம். முடிவில் செய்தால் துரு வராமலே தடுக்கலாம்.

சோதனை இப்படி. எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்து, வண்டியின் பின்புறத்தை ஸ்டாண்டில் தூக்கி டிராக் தரையைத் தொடாமல் நிற்க வையுங்கள். டிரைவ் பெல்ட்டைக் கழற்றிவிடுங்கள், அதன் இழுபறி கைக்கு வரும் உணர்வைக் கெடுக்கும். டிராக்கைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். நீளமான ஸ்குரூ டிரைவரின் நுனியை இடது பேரிங் ஹவுசிங்கில் வைத்து, கைப்பிடியைக் காதோரம் அழுத்திக் கேளுங்கள். மெக்கானிக் ஸ்டெதஸ்கோப் இருந்தால் இன்னும் நல்லது. நல்ல பேரிங்கில் ஒரே சீரான மெல்லிய சலசலப்பு மட்டும் கேட்கும். கரகரப்பு இருந்தால் துரு. சுற்றும்போது படி படியாகத் தட்டுப்பட்டால் ரேஸில் குழி விழுந்திருக்கிறது.

செயின் மாட்டியிருக்கும்வரை டிராக்கோடு ஜாக்‌ஷாஃப்ட்டும் சேர்ந்து சுற்றும், அதன் பேரிங் சத்தமும் கலந்து வரும். இரண்டு இடத்திலும் நுனியை வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். சந்தேகம் தீரவில்லை என்றால் செயின் கேஸைத் திறந்து செயினை எடுத்துவிட்டு ஆக்சிலைத் தனியே சுற்றிப் பார்ப்பதுதான் வழி.

அடுத்தது ஆட்டம். இங்கேதான் பலரும் தவறான முடிவுக்கு வருகிறார்கள். டிராக் இறுக்கமாக இருக்கும்போது ஆக்சிலைப் பின்னோக்கி இழுத்துப் பிடித்திருக்கும், போன பேரிங்கும் ஆடாது. முதலில் பின்சக்கர அட்ஜஸ்டரைத் தளர்த்தி டிராக்கைத் தொய்வாக்குங்கள். பிறகு ஒரு கடப்பாரைத் துண்டை டிரைவருக்கும் டன்னலுக்கும் இடையே கொடுத்து ஆக்சிலை மேலும் கீழும் நெம்புங்கள். ஹீட் எக்ஸ்சேஞ்சரில் ஊன்றாதீர்கள், அது அலுமினியம். மேலே சொன்ன எண்ணை நினைவில் வையுங்கள்: சி3 பேரிங்கில்கூட புதிதாக இருக்கும்போது இடைவெளி அதிகபட்சம் 0.028 மி.மீ. அது கைக்குத் தெரியாது. மேலும் கீழுமான ஆட்டம் கைக்குத் தெரிகிறது என்றால் பேரிங் போய்விட்டது, அல்லது அது உட்காரும் இடம் தேய்ந்துவிட்டது. பக்கவாட்டு அசைவு வேறு. ஆழப் பள்ள பேரிங்கில் அச்சு வாக்கில் கொஞ்சம் அசைவு இயல்பு, சில வண்டிகளில் ஆக்சிலுக்கென்றே சிறு பக்கவாட்டு இடம் விட்டு ஷிம் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடு) போட்டிருப்பார்கள். அதை வைத்துத் தீர்ப்பு எழுத வேண்டாம். கையேட்டில் உள்ள அளவோடு ஒப்பிடுங்கள்.

கண்ணுக்குத் தெரியும் தடயங்களும் உண்டு. இடது முனையின் மூடியைத் திறந்ததும் உள் ரேஸுக்கும் ஆக்சிலுக்கும் நடுவில் செம்பழுப்பு மாவு படிந்திருந்தால், ரேஸ் ஆக்சிலின் மேல் வழுக்கிச் சுற்றுகிறது. பேரிங் நன்றாகவே இருக்கலாம், ஆக்சில் தேய்ந்துகொண்டிருக்கும். சீல் ஓரத்தில் பால் போன்ற கிரீஸ் கசிந்தால் தண்ணீர் புகுந்தாயிற்று. இன்னொன்று: வெளிப்பக்க சீல் புதிது போல் மின்னினாலும் நம்பிவிடாதீர்கள். அடி வாங்குவது டிராக்கைப் பார்த்திருக்கும் உள்பக்க சீல். பனிக்கட்டி சேர்ந்து உரசி உதடு பிய்வது அங்கேதான். டன்னலுக்குள் டார்ச் அடித்தோ, கைப்பேசிக் கேமராவை நுழைத்தோ பார்க்காத சோதனை அரைச் சோதனை.

வேகமானி துள்ளுவதும் அடிக்கடி தவறாகப் படிக்கப்படும் அறிகுறி. பல மாடல்களில் வேக சென்சார் இதே இடது முனையில் இருக்கிறது. ஆக்சில் ஆடத் தொடங்கினால் முள் குதிக்கும், இல்லாவிட்டால் பூஜ்யத்தில் விழும். கடையில் சென்சாரை மாற்றிக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். ஒரு மாதத்தில் புது சென்சாரும் உடைந்து வரும். சென்சாரைக் கழற்றும்போதே ஆக்சிலை ஒருமுறை நெம்பிப் பார்க்கச் சொல்லுங்கள்.

செயின் கேஸ் பக்கத்தில் எண்ணெய்தான் சாட்சி. ஆயில் மட்டம் குறைந்துகொண்டே போனால், அல்லது கேஸுக்குப் பின்னால் டன்னலின் உள்சுவரில் எண்ணெய்ப் பசை இருந்தால், ஆக்சில் சீல் ஒழுகுகிறது. சீல் தானாகத் தேய்ந்தும் இருக்கலாம். பேரிங் ஆடி உதட்டைக் கெடுத்தும் இருக்கலாம். சீலை மட்டும் மாற்றிவிட்டு பேரிங்கைத் தொடாமல் விடுவது பல ஒர்க்‌ஷாப்புகளின் கெட்ட பழக்கம். காந்தம் வைத்த பிளக் இருந்தால் அதில் சாம்பல் நிறப் பூச்சு இயல்பு. நகத்தில் சிக்கும் அளவுக்குத் துணுக்கு வந்தால் கேஸைத் திறந்தே ஆக வேண்டும்.

வாங்கும் இடத்துக்கு வருவோம். தொழிற்சாலைகளுக்கு விற்கும் பேரிங் கடையில் எண்ணைச் சொல்லி வாங்குவதே முதல் தேர்வு. 10-க்கு 9 மதிப்பெண். விலை நியாயம், சரக்கு நகர்ந்துகொண்டே இருப்பதால் உள்ளே கிரீஸும் பழசாகியிருக்காது. கவுண்டரில் இருப்பவரிடம் கிரீஸ் வகையைக் கேட்கலாம் என்பது இன்னொரு வசதி. வழக்கமான லித்தியம் சோப்பு கிரீஸுக்கு எஸ்கேஎஃப் சொல்லும் கீழ் வரம்பு மைனஸ் 30 டிகிரி. வட ஒன்டாரியோவிலும் கியூபெக்கிலும் ஜனவரி இரவு அதைத் தொட்டுவிடும். அந்தக் குளிரில் முதல் சில நிமிடம் கிரீஸ் கெட்டியாக இருந்து குண்டுகள் உருளாமல் சறுக்கும். அந்தப் பக்கம் ஓட்டுபவர்கள் குளிர் கிரீஸ் நிரப்பிய வகையைக் கேட்டு வாங்குவது நல்லது. தெற்கே ஓட்டுபவருக்குத் தேவையில்லை.

கிட் வாங்குவது இரண்டாவது தேர்வு. ஆல் பால்ஸ் போன்ற கம்பெனிகள் பேரிங்கையும் ஆயில் சீலையும் ஒரே பெட்டியில் மாடல் வாரியாகப் போட்டு விற்கின்றன. இதன் மதிப்பு சீலில்தான். 6205 எங்கும் கிடைக்கும். உங்கள் செயின் கேஸுக்குச் சரியான அளவு சீலைத் தனியே தேடுவது தலைவலி. சீல் கையில் கிடைத்துவிட்டால் கிட்டுக்குக் கூடுதல் காசு தேவையில்லை. 7 மதிப்பெண்.

டீலர் பார்ட்டுக்கு 6 தரலாம், ஒரு விதிவிலக்கோடு. பேரிங்கில் சர்க்ளிப் பள்ளம், வழக்கமில்லாத அகலம், சென்சாருக்கான வளையம் என்று ஏதாவது தனித்தன்மை இருந்தால் டீலரிடம்தான் போக வேண்டும். அங்கே பேரம் பேசி என்ன பயன்.

இணையச் சந்தையில் பத்து பேரிங் பன்னிரண்டு டாலர் என்று அடிமாட்டு விலைக்கு வரும் பெயரில்லாச் சரக்கை, டிராக்கின் உள்ளே உருளும் சிறு ஐட்லர் சக்கரத்துக்குப் போடுவதே யோசிக்க வேண்டியது. டிரைவ் ஆக்சிலுக்குக் கூடவே கூடாது. இரும்பைவிட அதன் சீல்தான் பிரச்சினை: உதடு உள் ரேஸைத் தொடாமலே நிற்கும். வாங்கியதும் கையில் பிடித்து உள் ரேஸைச் சுற்றிப் பாருங்கள். நல்ல 2ஆர்எஸ் கொஞ்சம் எதிர்ப்புக் காட்டிச் சுற்றி, விட்டதும் நின்றுவிடும். விரலால் தட்டியதும் பம்பரமாய்ச் சுழன்றால் சீல் உரசவில்லை அல்லது கிரீஸ் இல்லை. போலிப் பெயரில் வருவதும் நிறைய. எஸ்கேஎஃப் பெட்டியில் சந்தேகம் இருந்தால் அவர்களுடைய ஆத்தென்டிகேட் செயலியில் படம் எடுத்து அனுப்பிச் சரிபார்க்கலாம்.

ஸ்டெயின்லெஸ் பேரிங் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். துருப்பிடிக்காது என்ற ஆசை நியாயமானதே. ஆனால் அந்த எஃகின் சுமைத் திறன் குறைவு, விலை பல மடங்கு, தண்ணீர் புகுந்து கிரீஸ் கழுவிப் போனால் அதுவும் தேயும். செராமிக் குண்டு போட்டவை பந்தய வண்டிக்காரர்களின் பொழுதுபோக்கு.

மாற்றும் வேலையின் அளவு மாடலைப் பொறுத்தது. சில வண்டிகளில் டிராக்கைத் தளர்த்தினால் இடது ஹவுசிங்கை மட்டும் கழற்றி பேரிங்கை உருவிவிடலாம். இரண்டையும் மாற்ற சஸ்பென்ஷனை இறக்கி, செயின் கேஸ் ஆயிலை வடித்து, அட்ஜஸ்டரைத் தளர்த்தி, மேல் கீழ் ஸ்பிராக்கெட்டுகளைச் செயினோடு சேர்த்தே உருவி, ஆக்சிலைக் கீழே இறக்க வேண்டும். டூ-ஸ்ட்ரோக் வண்டிகளில் சைலன்சரும் குறுக்கே நிற்கும். வாஷர்கள் எந்த வரிசையில், எந்தப் பக்கம் பார்த்து இருந்தன என்பதைக் கழற்றும்போதே படம் எடுத்துவிடுங்கள்.

பழைய வகையில் பேரிங்கின் உள் ரேஸ் நீண்டிருக்கும், அதன் மேல் மையம் விலகிய பூட்டுக் காலர் ஒன்று. முதலில் ஆலன் கீயால் சிறு திருகைத் தளர்த்தி, வண்டி முன்னோக்கிப் போகும்போது ஆக்சில் சுற்றும் திசைக்கு எதிராக காலரைப் பஞ்ச் வைத்துத் தட்டினால் விடுபடும். மாட்டும்போது ஆக்சில் சுற்றும் திசையிலேயே தட்டி இறுக்கி, திருகில் ஒரு சொட்டு நீல லாக்டைட் பசை விட்டுப் பூட்டுங்கள். திசை மாறினால் ஓட ஓட காலர் தளரும்.

துருப்பிடித்து ஒட்டிய உள் ரேஸ்தான் இந்த வேலையின் மிகப் பெரிய எரிச்சல். ஊடுருவும் எண்ணெய் அடித்து ஒரு இரவு விட்டு, புல்லரின் நகத்தை உள் ரேஸில் கொடுத்து இழுங்கள். வெளி ரேஸில் கொடுத்து இழுத்தால் பேரிங் பிரிந்து, உள் ரேஸ் மட்டும் ஆக்சிலிலேயே தங்கிவிடும். அப்படி ஆகிவிட்டால் கிரைண்டரால் ரேஸில் ஒரு கோடு போட்டு, ஆக்சிலைத் தொடுமுன் நிறுத்தி, உளியை வைத்து ஒரே அடி. கெட்டியான எஃகு பிளந்துவிடும். கண்ணாடி போடாமல் செய்யக் கூடாது. டார்ச்சால் சூடாக்குவதாக இருந்தால் வண்டியில் பெட்ரோல் இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம்.

ஆக்சிலை மண்ணெண்ணெயில் துடைத்து மைக்ரோமீட்டரில் அளக்காமல் புது பேரிங்கை ஏற்றாதீர்கள். இறுக்கப் பொருத்தம் உள்ள வண்டியில் அளவு 25.00-ஐ ஒட்டி இருக்க வேண்டும். பேரிங் நின்ற இடத்தில் நகத்துக்குப் பள்ளம் தட்டுப்பட்டால் புது பேரிங் கொஞ்ச நாளிலேயே வழுக்கத் தொடங்கும். சிறு தேய்மானத்துக்கு லாக்டைட் 641, பெரியதற்கு 0.5 மி.மீ. வரை நிரப்பும் 660. 660 போட்டு ஒப்பேற்றலாம், அடுத்த முறை கழற்றுபவர் உங்களைத் திட்டுவார். ஆக்சிலை மாற்றுவதே சரியான தீர்வு.

ஏற்றும்போது அழுத்தம் எந்த ரேஸ் இறுக்கமோ அந்த ரேஸில் மட்டும் விழ வேண்டும். ஆக்சிலில் ஏற்றுகிறீர்கள் என்றால் உள் ரேஸின் விட்டத்துக்குச் சரியான குழாய்த் துண்டை வைத்துத் தட்டுங்கள். வெளி ரேஸில் அடித்தால் அடி முழுவதும் 9 குண்டுகள் வழியாகப் போய் ரேஸில் 9 புள்ளி விழும். பேரிங் பெட்டியிலிருந்து எடுத்த அன்றே பழசாகிவிடும். சூடாக்கி ஏற்றலாம், ஆனால் ரப்பர் சீல் போட்ட பேரிங்கை 80 டிகிரிக்கு மேல் கொண்டுபோகக் கூடாது. செயின் கேஸ் பக்கத்தில் பழையது ஒரு பக்கம் திறந்ததாக இருந்தால் புதியதும் அப்படியே, திறந்த பக்கம் செயினைப் பார்த்து. ஆயில் சீலின் ஸ்பிரிங் தெரியும் பக்கம் எண்ணெயைப் பார்க்க வேண்டும். உதட்டில் கிரீஸ் தடவாமல் உலர்வாக ஏற்றினால் முதல் சுற்றிலேயே கருகும்.

கிரீஸ் பற்றி. ஹவுசிங்கில் நிப்பிள் இருக்கும் வண்டி கொடுத்து வைத்தது: கிரீஸ் கன்னில் இரண்டு மூன்று முறை அழுத்தினால் போதும், சீல் வெளியே பிதுங்கும்வரை அழுத்துபவர்கள் சீலையே தள்ளிவிடுகிறார்கள். நிப்பிள் இல்லாத சீல் பேரிங்கில் மெல்லிய பிளேடு நுனியை சீலின் வெளி விளிம்பில் நுழைத்து மெல்லத் தூக்கலாம். உள் விளிம்பில் நெம்பினால் உதடு கெடும். 6205-க்குத் தேவையான கிரீஸ் சுமார் 4 கிராம், அவ்வளவுதான்; வெளி விட்டத்தையும் அகலத்தையும் பெருக்கி 0.005-ஆல் பெருக்கினால் வரும் கணக்கு. தண்ணீரைத் தாங்குவதில் கால்சியம் சல்ஃபோனேட் கிரீஸ் நன்றாக நிற்கிறது. ஏற்கெனவே உள்ளதோடு கலப்பது ஆபத்து, முக்கியமாக பாலியூரியா கிரீஸ் லித்தியத்தோடு பெரும்பாலும் ஒத்துப்போகாது, கழுவிவிட்டு நிரப்புங்கள். உள்ளே ஏற்கெனவே துருக் கறை தெரிந்தால் கிரீஸை வீணாக்காமல் பேரிங்கைக் குப்பையில் போடுங்கள்.

சீலைக் கழற்றாமலே கிரீஸ் ஏற்றுவதாகச் சொல்லி விற்கும் கூம்பு வடிவக் கருவிகள் ஐட்லர் சக்கரங்களுக்கு உதவும், ஆக்சிலுக்கு அல்ல. இரு பக்கமும் கைக்கு எட்டாத இடத்தில் கருவி நேராக அமராது; கிரீஸ் உள்ளே போகாமல் ஓரத்தில் வழியும். உள்ளே தங்கிய தண்ணீரையும் அது வெளியே எடுப்பதில்லை. 4 மதிப்பெண்.

பிரஷர் வாஷரை ஆக்சில் முனைக்கு நேராகப் பிடிப்பது சீலைத் தாண்டித் தண்ணீரை ஊசி போடுவது போலத்தான். ஓடிவந்த சூட்டில் கழுவுவது அதைவிட மோசம், காரணம் மேலே சொன்ன உள்ளிழுப்பு. டிராக்கை அதிகம் இறுக்குவதும் பேரிங்குக்கு ஓயாத சுமை. ஸ்கீ-டூ கையேடுகளில் 7.3 கிலோ இழுவிசையில் டிராக் எத்தனை மி.மீ. தொங்க வேண்டும் என்று கொடுத்திருப்பார்கள். கண்பார்வையில் இறுக்குவதை விட்டு அந்த அளவை வையுங்கள். டிரெய்லரில் நீண்ட தூரம் கொண்டுபோகும்போது சுற்றாமல் நின்ற இடத்திலேயே அதிரும் குண்டுகள் ரேஸில் சிறு தடம் பதிக்கும். வண்டியை இறுகக் கட்டி, போய்ச் சேர்ந்ததும் ஓட்டிவிடுவது நல்லது. கோடையில் மூடி வைக்கும்போது டிராக்கைத் தளர்த்தி, வண்டியைத் தூக்கி நிறுத்தி, மாதத்துக்கு ஒருமுறை கையால் சில சுற்றுச் சுற்றிவிடுங்கள். குண்டுகள் புது இடத்தில் நிற்கும், கிரீஸும் பரவும்.

மாற்றி முடித்த வண்டியை முதல் 50 கி.மீ. நிதானமாக ஓட்டிவிட்டு நிறுத்தி, இரு முனைகளையும் தொட்டுப் பாருங்கள். இடது முனை கை வைக்க முடியாத அளவுக்குச் சுட்டால் ஏதோ இறுக்கமாக இருக்கிறது, பிரிக்க வேண்டும். செயின் இழுவை, ஹவுசிங் போல்ட்டுகள், காலர் திருகு, டிராக் நேராக ஓடுகிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள். புது சீலுக்கு வெளியே மெல்லிய கிரீஸ் வளையம் படிந்திருந்தால் அதைத் துடைக்க வேண்டாம்.